முழுக்கைச் சட்டை

ஜூன் 3, செவ்வாய்

ஆனையப்பன் வந்திருந்தார். என் ஒரே தங்கை வடிவின் புருஷன். தென்காசியில் பாத்திரக்கடை, அதற்கு மேலே ஒரு மாடி, அந்த மாடிக்கு மேலே இன்னொரு மாடி. மகள் கல்யாணியின் சடங்குக்குப் பிறகு அவர் என் வாசலை மிதித்ததில்லை. நானும் அங்கே போனதில்லை. இன்று ஒரு போன்கூடப் பண்ணாமல் பாளையங்கோட்டைக்குக் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பின்சீட்டில் மகன் சைலப்பன். என் அப்பாவின் பெயர்தான் அவனுக்கு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் இப்படிச் சுருண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குக் கூசியது. இருபத்துமூன்று வயதில் தோளெலும்பு துணியைக் குத்திக்கொண்டு நிற்கிறது. இந்த வெயிலில் மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை.

ஆனையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கப் போன இடத்தில் பையன் வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்ளப் பழகிவிட்டான். படிப்பு பாதியில் நின்றது. மதுரைப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் வைத்திருந்து இப்போதுதான் வெளியே விட்டிருக்கிறார்கள். மேற்கொண்டு பார்க்க இங்கே ஒரு டாக்டரம்மாவைச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் கல்யாணிக்குக் கோவில்பட்டியில் வரன் கூடிவந்திருக்கிறது. ஆவணியில் நிச்சயம். அதுவரை இவன் தென்காசியில் யார் கண்ணிலும் படக்கூடாது. பெங்களூரில் வேலை பார்க்கிறான் என்று சொல்லியாயிற்று.

“ஒங்களத்தான் நம்பி வந்திருக்கேன் மச்சான். தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா.”

தாய்மாமன். அந்தச் சொல் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கல்யாணியின் சடங்கன்று பட்டுப்பாவாடையும் தட்டுமாக நான் பந்தலில் நின்றேன். முதல் மாலை என் கையால் விழவேண்டும். மைக்கில் கூப்பிட்டது யாரை? எங்கள் சித்தப்பா மகன், ரோடு போடும் கான்டிராக்டர் பிச்சாண்டியை. அவன் சங்கிலி கொண்டுவந்திருந்தான். நான் ஏழாவதோ எட்டாவதோ போய் மாலை போட்டேன். போட்டோவில் என் முதுகுதான் இருக்கிறது.

இருந்தும் சரி என்றேன். வடிவுக்காக என்று எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

விதிகளைச் சொன்னேன். வைத்திய மாத்திரை என் பீரோவில் பூட்டியிருக்கும். தினமும் காலையில் என் முன்னால் விழுங்கவேண்டும். தனியாக வெளியே போகக்கூடாது. கைபேசி கிடையாது. என் காபி ஃபில்டரைத் தொடக்கூடாது. முப்பது வருஷமாக என் காபியை நான்தான் போடுகிறேன். அடுத்தவர் கை பட்ட டிகாக்‌ஷன் எனக்கு இறங்காது.

கடைசி விதிக்கு மட்டும் அவன் லேசாகச் சிரித்தான். பல்லெல்லாம் கறை.

ஜூன் 8, ஞாயிறு

காலை உணவுக்குப் பிறகு பின்கட்டில் துணி துவைத்தான். நான் வாஷிங் மெஷின் இருக்கிறது என்றேன். கையால் துவைத்தால் நேரம் போகும் மாமா என்றான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு குந்தியிருந்தான். இரண்டு கையிலும் முழங்கை மடிப்பிலிருந்து கீழே, கறுத்த கோடும் குழியுமாக, கரையான் அரித்த மரச்சட்டம் போல. நான் பார்ப்பது தெரிந்ததும் ஈரத்தோடு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

நான்கு சட்டைகள் கொடியில். நான்கும் முழுக்கை.

ஜூன் 12, வியாழன்

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். வெளியே காத்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தால் ஊரில் மிச்சமிருப்பது யார் என்று தோன்றுகிறது. கால்சட்டை போட்ட பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓர் ஆட்டோக்காரர் மகனின் இடுப்புப் பட்டையைத் தன் கைக்குள் சுற்றி வைத்திருந்தார், ஓடிவிடாமல் இருக்க. யாரும் யாரிடமும் ஊர் பெயர் கேட்பதில்லை.

மூலையில் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்த மனிதரின் செருப்பை எனக்குத் தெரியும். தனுஷ்கோடி. கல்லூரியில் என்னைவிட நான்கு வருஷம் இளையவர், முனைவர் பட்டத்துக்கு என் குறிப்புகளை வாங்கிக்கொண்டு போனவர். வேதியியல் துறைத் தலைவர் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்கள். நான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பக்கத்தில் அவர் மகள். பையன் அல்ல, மகள். தலைமுடியைப் பிய்த்துப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு எந்தச் சந்தோஷமும் ஏற்படவில்லை. ஆனால் அவர் பேப்பரை இறக்கும்வரை அங்கிருந்து நான் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் இறக்கினார். நான் வணக்கம் சொன்னேன்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரி, நேராகப் பேசுகிறாள். சைலுவை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னாள்: “இப்ப ஒடம்பு பழகினத மறந்துட்டு வருது சார். அதுதான் நல்லது, அதுதான் ஆபத்தும். திரும்ப ஒரு தடவை பழைய அளவுக்குப் போனான்னா தாங்காது. மனசு ஒடையற மாதிரி எதுவும் நடக்காம பாத்துக்கிடுங்க. பொய் சொல்லாம இருக்கப் பழக்குதோம், நீங்களும் அவன்கிட்ட பொய் சொல்லாதீங்க.”

நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

கரண்ட் இல்லை. கொசு. சைலு விசிறிக்கொண்டிருந்தான், எனக்கும் சேர்த்து.

ஜூன் 19, வியாழன்

இட்லி மாவு புளித்துவிட்டது. அவனே வெங்காயம் அரிந்து ஊத்தப்பம் போட்டான். சுமாராக இருந்தது என்று சொன்னேன். நன்றாகவே இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும், அந்த மாத்திரையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். மூலக்கூறு எனக்குத் தெரியும், நான் கேட்டது அதையல்ல. தட்டைக் கழுவியபடியே பதில் சொன்னான்.

“மொத ரெண்டு மாசம்தான் மாமா சந்தோஷம். பொறவு சந்தோஷத்துக்காகப் போடுததில்ல. போடலன்னா ஒடம்பெல்லாம் முறுக்கும், மூக்கு ஒழுகும், எலும்புக்குள்ள எறும்பு ஊரும். அது வராம இருக்கதுக்குப் போடுதது. மத்தவங்க காலைல எந்திரிச்சா எப்படி இருப்பாங்களோ, அப்படி இருக்கதுக்கு.”

ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரன் ஒருவன். சாத்தூர்ப் பையன், தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவரின் மகன். அவனுக்கு முதுகுவலி என்று ஆரம்பித்தது. இரண்டு பேருமாகப் போட்டுக்கொள்வார்கள். ஒருநாள் பாத்ரூம் கதவை உடைத்தபோது அவன் உட்கார்ந்த நிலையில் விறைத்துப் போயிருந்தான். காலேஜ்காரர்கள் மாரடைப்பு என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுடைய அப்பா வந்தபோது, மகன் சரியாகச் சாப்பிட்டானா என்று சைலுவிடம் கேட்டாராம். சாப்பிட்டான் என்று சொன்னானாம்.

“அதுக்குப் பொறவாவது விட்டியா?”

“அன்னைக்குச் சாயங்காலமே போட்டேன் மாமா.”

இதைச் சொல்லும்போது அவன் அழவில்லை. கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினான்.

ஜூன் 24, செவ்வாய்

தரகர் உலகநாதனை மார்க்கெட்டில் பார்த்தேன். கிழவருக்குக் கண் போய்விட்டது, குரலை வைத்து என்னைத் தெரிந்துகொண்டார். இன்னும் தனியாத்தான் இருக்கீயளா என்றார்.

எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு முப்பது வயதில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் இடம் வந்தது. டீச்சர். நானும் பார்த்து, அவளும் பார்த்து, பிடித்திருந்தது. கடைசியாக அவளுடைய அப்பா, வழக்கம்போல, மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்தார். சொந்தத்தில் ஆனையப்பனிடம் கேட்டிருக்கிறார். ஆனையப்பன் சொன்னாராம்: ஆள் நல்லவர், படிச்சவர், ஒரு விஷயத்த மனசுல வச்சார்னா விடமாட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தில் இடம் நின்றுபோனது. இதை எனக்குச் சொன்னவர் உலகநாதன்தான். கமிஷன் போன ஆத்திரத்தில் கூட்டிச் சொல்லியிருப்பார் என்று வடிவு சொல்லுவாள். இருக்கட்டும்.

வடிவின் கல்யாணத்துக்கு நான் கல்லூரிச் சம்பளச் சேமிப்பைத் துடைத்துக் கொடுத்தவன். அவருக்கு ஒரு வாக்கியம் செலவானது.

மனசில் வைத்தால் விடமாட்டேனாம். பார்த்தால் அப்படியா தெரிகிறது?

ஜூலை 1, செவ்வாய்

டாக்டரம்மா எடை பார்த்தாள். ஏறியிருக்கிறான். திரும்பி வரும்போது எருமைகிடா மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் விளையாடுவதைப் பார்த்து நின்றான். பந்து எல்லை தாண்டி வந்தது. எடுத்து எறிந்தான், விக்கெட் கீப்பர் கைக்கே போனது. மாமா பாத்தீங்களா என்றான். சின்னப் பிள்ளையில் ஒரு தடவை, வடிவின் வீட்டுக் கூடத்தில், என் மடியில் வைத்துத்தான் இவனுக்குக் காது குத்தினார்கள். அப்போதெல்லாம் எனக்கு மரியாதை இருந்தது. காது குத்தியதும் அழாமல் என் மூக்கைப் பிடித்தான்.

ஜூலை 6, ஞாயிறு

வடிவு வந்திருந்தாள், பஸ்ஸில், புருஷனுக்குத் தெரியாமல். குற்றாலத்தில் சாரல் என்றாள், சேலை ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. சைலு பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்தான். ஞாயிறு காலை பத்து மணி என்றால் அவனைத் தேடவே வேண்டாம், அங்கேதான். வடிவு நேரே அங்கே போய்விட்டாள். நான் உள்ளேயே இருந்தேன். எட்டிப் பார்த்தபோது அவள் சோப்பு நுரையோடு அவன் கையைத் தன் மடியில் வைத்து, மஞ்சள் பூசுகிற மாதிரி மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஆறிடுமாண்ணே இது? கல்யாணத்தன்னைக்கு முழுக்கை போட்டா தெரியாதுல்லா?”

“தெரியாது.”

போகும்முன் வந்த காரியத்தைச் சொன்னாள். கோவில்பட்டிக்காரர்கள் ஆடி பிறப்பதற்குள் விசாரித்து முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறார்கள். அனேகமாக என்னிடமும் வருவார்கள். தாய்மாமன் புரொபசர் என்று தெரிந்ததில் அவர்களுக்கு மதிப்பாம்.

“ஒரு வார்த்தை நல்லதா சொல்லிருண்ணே. அவனப் பத்திக் கேட்டா பெங்களூருன்னு சொல்லிரு. என் புள்ளைய ரெண்டு பேரையும் ஒன் கையிலதான் குடுத்திருக்கேன்.”

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்துப் பல காலம் ஆகிறது.

ஜூலை 9, புதன்

சைலு பழைய பிளஸ் டூ கெமிஸ்ட்ரிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்டான். விட்ட படிப்பைத் தொலைதூரக் கல்வியில் முடிக்கலாமா என்று யோசிக்கிறானாம். பாடம் நடத்தி எத்தனையோ நாள் ஆயிற்று. சாயங்காலம் போனது தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஆனையப்பன் வாட்ஸப்பில் நிச்சயதார்த்த அழைப்பிதழின் மாதிரி அனுப்பியிருக்கிறார். எனக்கென்று தனியாக அனுப்பவில்லை, குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார்.

சைலு என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். “மாமா, எம் பேரும் போட்டிருக்கு.” சகோதரன் என்ற இடத்தில் அவன் பெயர். அதையே திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தான். பெயரை எடுத்துவிட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தானாம்.

நான் பார்த்தது வேறு இடம். தாய்மாமன்மார்: திரு. எஸ். பிச்சாண்டி, முதல்நிலை ஒப்பந்தக்காரர். அதற்குக் கீழே, திரு. பிறவிப்பெருமாள். வெறும் பிறவிப்பெருமாள். எம்.எஸ்ஸி. இல்லை, எம்.ஃபில். இல்லை, இணைப்பேராசிரியர் இல்லை. இனிஷியல்கூட இல்லை. அவருடைய மகனைச் சோறு போட்டு, மாத்திரை கொடுத்து, மறைத்து வைத்திருப்பது யார் வீட்டில்?

குழுவில் எல்லோரும் கைகூப்பும் படத்தைப் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

ஜூலை 12, சனி

கோவில்பட்டியிலிருந்து போன். மாப்பிள்ளையின் அப்பா. நாளை பாளையங்கோட்டை வருகிறோம், எப்போது வந்தால் தோது என்று கேட்டார். பத்து மணிக்கு வாருங்கள் என்றேன்.

நாளைக்கு யாராவது வருகிறார்களா, நான் அறைக்குள் இருக்கட்டுமா என்று சைலு கேட்டான். யாரோ தெரிந்தவர்கள், நீ பாட்டுக்கு வழக்கம்போல இரு என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இரண்டு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மென்மையான மனிதர். அவருடைய தம்பி, போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அறைக்குள் வந்ததும் ஜன்னல் எத்தனை என்று பார்க்கிற கண். தங்கை குடும்பம் எப்படி என்று கேட்டார்கள். நல்ல குடும்பம் என்றேன். பெண் எப்படி என்றார்கள். பொன்னான பெண் என்றேன். கடையில் கடன் உண்டா என்றார்கள். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். இதில் எதுவும் பொய் இல்லை.

“தம்பி பெங்களூர்ல எந்தக் கம்பெனி சார்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

எனக்குப் பெயர் தெரியாது என்றேன். அதுவும் பொய் இல்லை.

அவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் உட்கார வைத்திருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. டிகாக்‌ஷன் இறக்கித் தயாராகத்தான் வைத்திருந்தேன். பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தேன்.

“சைலு, மூணு காபி கொண்டா.”

அங்கே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. “நான் போடலாமா மாமா?” என்று கேட்டான். குரலில் அவ்வளவு சந்தோஷம். போடு என்றேன்.

அவன் பனியனோடுதான் வந்தான். துணி துவைத்துக்கொண்டிருந்தவன் கூப்பிட்டதும் அப்படியே வந்துவிட்டான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? தட்டை நீட்டினான். இரண்டு கையும் வெளிச்சத்தில் இருந்தன. கை நடுங்கவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. அதையும் குறித்து வைக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் தம்ளரை எடுக்கவில்லை. கைகளையே பார்த்தார்.

“இது யாரு சார்?”

“என் மருமகன். கல்யாணியோட தம்பி.”

மாப்பிள்ளையின் அப்பா குழம்பிப் போய், பெங்களூரிலிருந்து எப்போது வந்தீர்கள் தம்பி என்று அவனையே கேட்டார். சைலு என்னைப் பார்த்தான். நான் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் யார் என்பது அவனுக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை நான் எடுத்துக் கொடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருப்பான். நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

“நான் பெங்களூர் போகல சார்,” என்றான். “இங்க வைத்தியம் பாக்கேன். ஊசிப் பழக்கம் இருந்துச்சு. இப்ப இல்ல. மதுரைல இருந்தப்பலேருந்தே தொடல. அக்காவுக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்ல, அவ தங்கமானவ.”

அவர்கள் மரியாதையாகவே எழுந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அவன் தோளைத் தட்டி, ஒடம்பப் பாத்துக்கோங்க தம்பி என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது இன்ஸ்பெக்டர் என்னிடம் குனிந்து சொன்னார்: “நாங்க எத்தனையோ வீடு ஏறி எறங்கிட்டோம். இவ்வளவு நேர்மையான தாய்மாமன நான் பாத்ததில்ல சார்.”

அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

காபி இரண்டு தம்ளர் அப்படியே இருந்தது. டிகாக்‌ஷன் கொஞ்சம் கூடிப்போயிருந்தாலும் குறை சொல்கிற மாதிரி இல்லை.

ஜூலை 14, திங்கள்

வடிவு போன் பண்ணிக்கொண்டே இருந்தாள். தலைவலி. எடுக்கவில்லை.

ஜூலை 16, புதன்

ஆனையப்பன் கூப்பிட்டார். என்னிடம் பேசவில்லை, பையனிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். சைலு ஹாலின் நடுவில் நின்று கேட்டான். நடுவில் ஒரு தடவை மட்டும், சரிப்பா என்றான். அந்தப் பக்கத்துக் குரல் நான் நின்ற இடம்வரை கேட்டது. கோவில்பட்டிக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைத்தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. கல்யாணி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்கிறாள். இனி இந்த வீட்டுக்கு எவன் வருவான். நீ அந்த மதுரையிலேயே செத்துத் தொலைந்திருக்கலாம்.

கைபேசியை என்னிடம் திருப்பித் தந்தான். துடைத்துத் தந்தான்.

“மாமா, நீங்கதானே கூப்பிட்டீங்க?”

“காபி கேட்டேன்.”

“ஆமா,” என்றான். “காபி கேட்டீங்க.”

ராத்திரி சாப்பாட்டுக்கு ஊத்தப்பம் போடட்டுமா என்று கேட்டான். எனக்குப் பசியில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்திருக்கிறது. எழுந்து பார்த்தபோது சைலு இல்லை. பீரோவில் மாத்திரை பூட்டியபடியே இருக்கிறது. என் அரைக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். அவனுடைய முழுக்கைச் சட்டைகள் எல்லாம் கொடியில் தொங்குகின்றன.

தென்காசிக்குப் போயிருப்பான்.

ஜூலை 18, வெள்ளி

தென்காசிக்குப் போகவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கத்தரிக்காய் வாங்கப் புதிய பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அங்கே காய் நன்றாக இருக்கும். பிளாட்பாரம் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றினேன். கட்டணக் கழிப்பறைக்காரனிடம் என் சட்டையின் நிறத்தைச் சொல்லிக் கேட்டேன். அப்படி நிறையப் பேர் வாராங்க சார், எந்தச் சட்டைன்னு பாக்க என்றான்.

ஜூலை 21, திங்கள்

மறுபடியும் கத்தரிக்காய். ஜங்ஷன் பக்கம், ஆற்றுப் பாலத்துக்குக் கீழேயும் பார்த்தேன். படித்துறைக்கு மேலே மூன்று பையன்கள் சாய்ந்து கிடந்தார்கள், கண் பாதி திறந்தபடி. எல்லோருக்கும் அவன் வயதுதான். ஒருவன் முகத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், கல்லை விலக்கி நடக்கிற மாதிரி அவர்களையும் விலக்கி நடந்து. நான் ஈயை ஓட்டிவிட்டு மேலே ஏறி வந்தேன்.

போலீஸில் எழுதிக் கொடுக்கலாமா என்று ஆனையப்பனுக்கு ஆள் மூலம் கேட்டுவிட்டேன். வேண்டாம், இன்னும் நாற வேண்டாம் என்று பதில் வந்தது.

ஜூலை 23, புதன்

டாக்டரம்மா போன் பண்ணினாள், ஏன் வரவில்லை என்று. வெளியூர் போயிருக்கிறான் என்றேன்.

கத்தரிக்காய் அழுகிவிட்டது.

ஜூலை 26, சனி

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். சீசன் கூட்டத்தில் அறை காலி பண்ண நேரமாகிவிட்டது என்று கதவைத் தட்டியிருக்கிறார்கள். பிறகு உடைத்திருக்கிறார்கள். தென்காசி வீட்டிலிருந்து நாலு மைலில், அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில். வீடுவரை போய்விட்டுத் திரும்பியிருப்பானோ என்று வடிவு கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பழைய அளவுதான் போட்டிருக்கிறான் என்றார்களாம்.

சட்டைக் காலரில் இருந்த பாளையங்கோட்டைத் தையல்காரர் பெயரை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார்கள். நான் போய் அடையாளம் சொன்னேன். என் சட்டை அவனுக்குத் தோளில் சரியாகப் பொருந்தியிருந்தது. எடை ஏறியிருந்தான்.

ஜூலை 28, திங்கள்

நேற்று இறுதிக் காரியம் முடிந்தது. மாரடைப்பு என்று சொல்லிக்கொண்டார்கள். வந்தவர்களும் மாரடைப்பு என்றே துக்கம் கேட்டார்கள். யாருக்கும் தெரியாமல் இல்லை.

கோடித்துணி எடுக்க நேற்றுக் காலையில் ஜவுளிக்கடைக்குப் போனேன். கடைப்பையன் விசேஷமா சார் என்று பட்டுவேட்டியை விரித்தான். கோடி என்றதும் சுருட்டிவிட்டு, வேறு அலமாரிக்குப் போனான்.

தென்காசியில் மழை. பந்தலில் தகரத்தின் மேல் சத்தம். ஆனையப்பன் தூணோடு தூணாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மச்சான் என்று மட்டும் சொன்னார். கல்யாணி என்னைப் பார்க்கவே இல்லை. பிச்சாண்டியும் வந்திருந்தான், கையில் ஒரு துணிப் பையோடு.

வடிவு அழுது முடித்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சின்னக் குரலில் கேட்டாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“அன்னைக்கு அவன எதுக்குண்ணே கூப்பிட்ட?”

“காபி கொண்டாரச் சொன்னேன்.”

“ஒன் ஃபில்டர நீ யாரையும் தொடவிட மாட்டியே.”

என் தோளில் விழுந்திருந்த மழைத் துளியை முந்தானையால் துடைத்தாள், பழக்கத்தில்.

கோடி போடுகிற நேரம் வந்தது. பிச்சாண்டி பையோடு எழுந்து முன்னால் நகர்ந்தான். சடங்கு செய்கிறவர் கையை நீட்டி அவனை மறித்தார்.

“இருங்க. கூடப்பெறந்த தாய்மாமன் யாரு? அவரு கோடிதான் மொதல்ல.”

கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருவர்கூட மறுக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நான்தான் முதலில் போனேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கொடியில் சட்டைகள் இன்னும் இருக்கின்றன. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து. எடுத்து மடித்து வைக்க வேண்டும். பத்து மணிக்குப் பின்கட்டுப் பக்கம் போனேன், எடுக்காமல் வந்துவிட்டேன்.

காபி போட்டேன். எனக்குக் காபி போடத் தெரியும்.